துணைவினைக்குத் தனிப் பொருள் உண்டா?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் ‘ஷல் பி கன்சல்டட்’ என்னும் அமைப்பு இரு முக்கியமான இடங்களில் வருகிறது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையம் கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்கிறது 320ஆம் உறுப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கையில் இந்தியத் தலைமை நீதிபதி எப்போதும் கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்கிறது 124ஆம் உறுப்பு. துணைவினையும் வினையும் செயப்பாட்டு வடிவமும் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் 1957இல் மன்போதன் லால் வழக்கில், முதலாவதில் உள்ள ‘ஷல்’ கட்டாயத்தைக் குறிப்பதன்று, நெறிப்படுத்துவது மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாவதில் வாதம் துணைவினையை விட்டு வினைக்கு நகர்ந்தது. கலந்தாலோசிப்பது வேறு, இசைவு பெறுவது வேறு என்று 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் சொல்லப்பட்டது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வோ தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை அளித்தது.

நீதிமன்றங்கள் இலக்கணத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் ‘ஷல்’ என்றால் கட்டாயம் என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும் கற்பித்தல் முறை எவ்வளவு மெலிந்தது என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன.

நம் நாட்டு வகுப்பறைகளில் மோடல் துணைவினைகள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே வந்து சேர்கின்றன. கேன் ஆற்றலுக்கு, மே அனுமதிக்கு, மஸ்ட் கட்டாயத்துக்கு, ஷுட் அறிவுரைக்கு. செயப்பாட்டுவினை வேறொரு பாடம். முன்னிடைச்சொற்கள் இன்னொரு பாடம். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவும் இந்த மூன்றையும் தனித்தனியே சோதிக்கிறது. எழுதுகிறவருக்கோ இவை தனித்தனியே வருவதில்லை. ‘மஸ்ட் ஹாவ் பீன் ரெஃபர்ட் டு’ என்பது ஐந்து சொற்களால் ஆன ஒரே வினைக்கோவை. அதன் பொருள் ‘மஸ்ட்’ என்னும் முதற் சொல்லில் அடங்கியிருக்கவில்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை விதி எளியது. துணைவினைக்குப் பின் வினையின் அடிவடிவம் மட்டுமே வரும். ‘ஆட்’ ஒன்றுதான் ‘டு’ கேட்கும். ஒரு துணைவினையின் தோளில் இன்னொன்று ஏறாது. ஆதலால் எதிர்கால ஆற்றலைச் சொல்ல ‘வில் பி ஏபிள் டு’ என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. இந்திய மாணவர் எழுத்தில் அடிக்கடி தென்படும் ‘குட் ஏபிள் டு’ இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இது ஒரு சொல்லைச் சேர்த்தால் தீரும் பிழை.

தீராத சிக்கல் பொருளில் இருக்கிறது. ‘ஹி மஸ்ட் கோ’ என்றால் கட்டாயம். ‘ஹி மஸ்ட் ஹாவ் கான்’ என்றால் அவன் போயிருக்க வேண்டும் என்ற ஊகம். கட்டாயத்தின் சாயலே அதில் இல்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தது இடையில் புகுந்த ‘ஹாவ்’. நடந்து முடிந்துவிட்டதற்கு ஆணையிட முடியாதல்லவா? தமிழில் ‘போயிருக்க வேண்டும்’ என்பது இன்னும் அகன்றது. அவன் போய்விட்டான் என்ற ஊகத்தையும் அது குறிக்கும். போகாமல் தவறிவிட்டான் என்ற குறையையும் குறிக்கும். முன்னதற்கு ஆங்கிலம் ‘மஸ்ட் ஹாவ்’ என்னும். பின்னதற்கு ‘ஷுட் ஹாவ்’ என்னும். ‘போயிருக்கலாம்’ என்பதும் அப்படியே. ஒருவேளை போனான் என்பதும், போக வாய்ப்பிருந்தும் போகவில்லை என்பதும் அதில் அடங்கும். ‘மே ஹாவ்’ முதற் பொருளோடு நின்றுவிடும். இரண்டாவதற்குக் ‘குட் ஹாவ்’ வேண்டும். அந்தக் ‘குட் ஹாவ்’ முதற் பொருளுக்கும் போகும் என்பது கூடுதல் தொல்லை. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர் ஒரு பாதையிலிருந்து இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் நிற்கிறார். அங்கே பாதை பிரிகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆய்வேட்டில் இது நடைபற்றிய சிறு விஷயமன்று. ஓர் ஏரியைக் கிராம சபை வெட்டியிருக்கலாம் என்று எழுத எண்ணிய வரலாற்று மாணவர் ‘மஸ்ட் ஹாவ் பீன்’ என்று எழுதிவிட்டால், இல்லாத சான்று இருப்பதாகிவிடுகிறது. அந்த ஏட்டை அடுத்து மேற்கோள் காட்டுபவர் துணைவினையையும் கழற்றிவிடுவார். ஊகம் இரண்டே படிகளில் உண்மையாகிவிடும். புறத்தேர்வாளர்கள் எழுத்துப்பிழையைச் சுழிக்கிறார்கள். ‘மே’ நிற்க வேண்டிய இடத்தில் ‘மஸ்ட்’ நிற்பதை மொழிப்பிழையாகக்கூடக் கருதுவதில்லை. அது மொழிப்பிழையும் அன்று, ஆய்வுப்பிழை.

எதிர்மறையிலும் இதே கதைதான். ‘மஸ்ட் நாட்’ என்பதிலுள்ள ‘நாட்’ பின்வரும் வினையை மறுக்கிறது: போகக் கூடாது. ‘நீட் நாட்’ என்பதில் அது தேவையையே மறுக்கிறது: போக வேண்டியதில்லை. இவ்விரண்டுக்கும் தமிழில் தெளிவான தனித்தனி வடிவங்கள் இருப்பதால், தாய்மொழி வழியாக ஐந்து நிமிடத்தில் புரிய வைத்துவிடலாம். ஆங்கில வகுப்பில் தமிழைத் தீண்டக் கூடாது என்ற பிடிவாதத்தால் இந்த எளிய வழி அடைபட்டுக் கிடக்கிறது.

முன்னிடைச்சொல்லுக்கு வருவோம். ‘திஸ் டேட்டா கேன் பி ரிலைட்’ என்றும் ‘த இஷ்யூ மஸ்ட் பி டெல்ட்’ என்றும் முடிந்துபோகும் வாக்கியங்கள் ஆய்வேடுகளுக்குப் புதியவை அல்ல. முன்னதில் ‘ஆன்’ இல்லை. பின்னதில் ‘வித்’ இல்லை. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமாகாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியிருக்கும். பெயர் எங்கு நகர்ந்தாலும் உருபு கூடவே போகும். பெயர் எழுவாயாகிவிட்டால் உருபு மறையும். இந்தியில் உருபு பெயரைத் தொடர்ந்து தனியே நின்றாலும் அதுவும் பெயரைச் சார்ந்ததே. ஆங்கிலத்தில் ‘ரிலை ஆன்’, ‘டீல் வித்’, ‘அக்கவுன்ட் ஃபார்’ போன்றவற்றில் முன்னிடைச்சொல்லின் உறவு வினையோடு. செயப்பாட்டு வாக்கியத்தில் பெயர் முன்னே போய்விட்டாலும் அது வினையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் தனியே நிற்கும். மாணவர் அதனை வேற்றுமை உருபாக எண்ணுகிறார். பெயர் போனதும் உருபும் போயிற்று என்று விட்டுவிடுகிறார். தவறு என்றாலும் தர்க்கம் பிசகாத தவறு.

மோடல் துணைவினை வரும் வாக்கியங்களில் இது கூடுதலாகக் கண்ணில் படுவதற்கும் காரணம் உண்டு. ஆய்வு உரைநடை தன்மையை மறைத்துக்கொள்ள விரும்புவது. ‘இதை நம்பலாம்’ என்று சொல்லத் துணைவினையோடு செயப்பாட்டுவினையை அது நாடுகிறது. கோவை நீள நீள, ஈற்றில் நிற்க வேண்டிய சிறு சொல் நினைவிலிருந்து நழுவுகிறது. மறுபுறம், ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்னும் பழக்கத்தால் வேண்டாத ‘அபவுட்’ ஒன்று ‘டிஸ்கஸ்’ பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேண்டிய இடத்தில் விடுபடுவதும் வேண்டாத இடத்தில் முளைப்பதும் ஒரே குழப்பத்தின் இரு பக்கங்கள்.

அலுவலக ஆங்கிலம் இதற்கு உதவுவதில்லை. ‘மே கைண்ட்லி பி லுக்ட் இன்டு’ என்று கோப்பில் எழுதப்படும்போது அந்த ‘மே’ அனுமதியும் அன்று, ஊகமும் அன்று; மேலிருந்து வந்தால் ஆணை, கீழிருந்து போனால் மன்றாட்டு. அந்த வழக்கை இந்திய ஆங்கிலத்தின் இயல்பாக ஏற்பதில் தடையில்லை. ஆனால் அதே ‘மே’ ஆய்வேட்டில் வரும்போது சான்றின் அளவைச் சொல்லியாக வேண்டும்.

ஆய்வேடு எழுதும் முறை குறித்த பாடம் முனைவர் பட்டப் பதிவுக்குப் பின் கட்டாயமாகவே இருக்கிறது. மேற்கோள் வடிவங்களுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். மாணவர் தம் முடிவுரையில் துணைவினை வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தாய்மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘இருக்கலாம்’ என்று வருகிறதா, ‘இருந்தே தீர வேண்டும்’ என்று வருகிறதா? பின்னது என்றால், அதற்குச் சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நெறியாளர் கேட்கட்டும்.