ரத்து செய்ததோடு கடமை முடிந்ததா?

2020 மார்ச்சில் ஐரோப்பாவின் உள்ளரங்குகளைப் பூட்டியதில் யாருக்கும் குறையில்லை. இத்தாலியில் கொரோனா முதலில் வெடித்தது லோடி மாவட்டத்தின் கொடோன்யோவில். பிப்ரவரி பிற்பகுதியில் அந்த மாவட்டத்தின் பத்து ஊர்களைச் சிவப்பு மண்டலமாக அறிவித்துச் சாலைகளில் காவல் போட்டார்கள். லோடி நகரமோ ரோலர் ஹாக்கி ஊர். அதன் அமதோரி அணி 2017இலும் 2018இலும் இத்தாலியச் சாம்பியன். பக்கத்து ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போது அரங்கத்துக்குப் பந்தோடு வா என்று யாரை அழைப்பது? ஐரோப்பிய ரோலர் ஹாக்கி கிளப்புகளின் தலையாய போட்டியான யூரோலீக்கை 2019-20 பருவத்தில் நிறுத்தியது சரியான முடிவு. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

நிறுத்திய பிறகு நடந்ததுதான் கண்டனத்துக்குரியது.

நம்மில் பலருக்கு இந்த ஆட்டம் புதிது. நான்கு சக்கரக் காலணி, வளைந்த மட்டை, கெட்டிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், பலகைச் சுவர் சூழ்ந்த 40 மீட்டர் நீளக் களம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகத் தலைகாட்டியதோடு ஒலிம்பிக் வாசல் மூடிக்கொண்டது. பார்சிலோனா, போர்ட்டோ, பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் என்ற கால்பந்துப் பெருந்தலைகளுக்கும் இதில் அணி உண்டு என்பது உண்மை. ஆனால் இந்த ஆட்டத்தைத் தோளில் சுமப்பவை சிற்றூர்கள். யூரோலீக்கின் முன்னோடியாக 1965-66இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையை முதலில் வென்றது வோல்ட்ரெகா என்ற கட்டலோனியச் சிற்றூரின் கிளப். இப்படிப்பட்ட ஊர்களில் பகலில் ஒரு வேலை, மாலையில் பயிற்சி என்று ஓடும் ஆட்டக்காரர்கள்தான் அதிகம். தொலைக்காட்சிப் பணம் வந்து கைதூக்கிவிடாத ஆட்டத்தில் ஒரு பருவம் போவது வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரி போவதல்ல, ஒரு ஆட்டக்காரரின் கடைசி வாய்ப்பே போவது.

16 கிளப்புகள் நான்கு குழுக்களாகத் தொடங்கிய அந்த யூரோலீக், காலிறுதி வாசலில் நின்றது. பிறகு கைவிடப்பட்டது. கோப்பை யாருக்கும் இல்லை. இரண்டாம் நிலைக் கோப்பைக்கும் அதே கதி.

சரி, தேசிய லீக்குகளிலாவது ஒரே நீதி இருந்ததா? ஸ்பெயினில் பருவத்தை அத்தோடு முடித்து, முதலிடத்தில் இருந்த பார்சிலோனாவைச் சாம்பியன் என்றார்கள். போர்ச்சுகலில் பருவத்தையே ரத்து செய்து, சாம்பியன் யாரும் இல்லை என்றார்கள். இத்தாலியிலும் பட்டம் யாருக்கும் தரப்படவில்லை. ஒரே நோய், ஒரே ஆட்டம். ஸ்பெயின் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம். அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் யாருக்கு இடம் என்பதை இந்தத் தேசிய அட்டவணைகள்தான் தீர்மானிக்கின்றன. அவை முன்னும் பின்னுமாக முடிந்தபோது, எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவுகோலை முன்வைக்க வேண்டியது வேர்ல்ட் ஸ்கேட் ஐரோப்பாவின் ரோலர் ஹாக்கிப் பிரிவு. தேசியக் கூட்டமைப்புகள் ஆளுக்கொரு திசையில் போனது அவற்றின் குற்றம் மட்டுமல்ல. மேலே நடுவர் இருந்தும் விசில் ஊதவில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. அதே ஐரோப்பாவில், அதே மூடிய அரங்கில் ஆடப்படும் கைப்பந்தாட்டத்தைப் பாருங்கள் (நம் ஊரில் வாலிபாலுக்கும் இதே பெயர் வழங்குகிறது, இங்கே சொல்வது ஹேண்ட்பால்). அதன் சாம்பியன்ஸ் லீக்கும் மார்ச்சில் நின்றது. இடைச் சுற்றுகளை வெட்டிவிட்டு, குழு அட்டவணையில் மேலே இருந்த நான்கு அணிகளை மட்டும் எடுத்து, டிசம்பர் 28, 29 தேதிகளில் கொலோன் நகரில் முடித்தார்கள். இறுதியில் பார்சிலோனாவை 33-28 என்று கீல் வென்றது. அவர்களிடம் பணம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இடைச்சுற்றை வெட்டும் யோசனைக்குப் பணம் எதற்கு? ரோலர் ஹாக்கியிலும் நான்கு குழுக்களின் அட்டவணை மேஜை மேலேதான் கிடந்தது. நான்கு முதலிடங்கள், ஓர் அரங்கம், ஒரு வாரக் கடைசி. நோயின் அடுத்த அலை அதையும் அடித்துப் போயிருக்கலாம். அப்படித் தோற்றிருந்தால் அந்தத் தோல்வியை மதித்திருப்போம்.

போர்ட்டோவின் கதையைக் கேளுங்கள். 1990இல் வென்ற பிறகு இந்தக் கோப்பை அதன் கைக்கு எட்டவில்லை. 2018 இறுதியில் பார்சிலோனாவிடம் தோல்வி. 2019 இறுதியில் ஸ்போர்ட்டிங்கிடம் தோல்வி. 2021 மே மாதம் போர்ச்சுகலின் லூசோவில் சுருக்கி நடத்திய போட்டியின் இறுதியில் மறுபடியும் ஸ்போர்ட்டிங்கிடமே தோல்வி. நடுவில் இருக்க வேண்டிய 2020 எங்கே? ஒரு கோடு. 2023இல்தான் அந்த 33 ஆண்டுப் பசி தீர்ந்தது. அதற்குள் 2018 அணியில் எத்தனை பேர் சக்கரக் காலணியைக் கழற்றிவிட்டார்கள் என்று கேட்க யாருமில்லை.

லூசோ போட்டியில் களம் பெரும்பாலும் போர்ச்சுகல், ஸ்பெயின் கிளப்புகளுக்குள் சுருங்கியது. அதைக்கூட நோயின் கணக்கில் எழுதிவிடலாம். அடுத்து வந்ததை எழுத முடியாது. 2021-22இல் நிர்வாகத்துக்கும் பெரிய கிளப்புகளின் சங்கத்துக்கும் இடையே மூண்ட பூசலில் பார்சிலோனா, போர்ட்டோ, பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் எல்லாம் ஒதுங்கிக்கொண்டன. நடப்புச் சாம்பியனே இல்லாத யூரோலீக்! அதை இத்தாலியின் ட்ரிஸ்ஸினோ, போர்ச்சுகலின் வலோங்கோவை வென்று எடுத்தது. ட்ரிஸ்ஸினோவின் வெற்றியில் குறையே இல்லை. வந்தவர்களோடு ஆடி வென்றது. ஆனால் அந்தச் சிற்றூர் அணியின் வாழ்நாள் சாதனைக்குப் பக்கத்தில் 'பெரியவர்கள் வராத ஆண்டு' என்ற முணுமுணுப்பை ஒட்டவைத்தது யார்? கிளப்புகளையும் விட்டுவிடுவதற்கில்லை. வீட்டுச் சண்டையைக் கோப்பையின் தலையில் இறக்கியதில் அவர்களுக்கும் சம பங்கு.

பிறகு போட்டிக்குச் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது.

நாம் கேட்பது இதுதான். பருவம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்ற விதி, போட்டி விதிப்புத்தகத்திலேயே இருக்க வேண்டும்: எத்தனை ஆட்டம் முடிந்திருந்தால் அட்டவணை செல்லும், எந்தச் சுற்றை வெட்டலாம், எந்தத் தேதிக்குமேல் கைவிடலாம் என்பதெல்லாம் எண்களாக, பருவம் தொடங்கும் முன்பே. தேசிய லீக்குகள் தத்தம் பட்டத்தை எப்படி வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளட்டும். ஐரோப்பிய இடத்துக்கு மட்டும் ஒரே அளவுகோல் வேண்டும். அந்த விதியை எழுதும் மேஜையில் பெரிய கிளப்புகளோடு வோல்ட்ரெகா, லோடி போன்ற ஊர்களுக்கும் நாற்காலி வேண்டும், மகளிர் அணிகளுக்கும்தான். போட்டி நின்றால் கிளப்புகள் ஏற்கெனவே செலவழித்த பயணக் காசில் யார் எவ்வளவு ஏற்பது என்பதும் அதே புத்தகத்தில் வரட்டும்.

கடைசியாக, 2020 என்ற ஆண்டுக்கு எதிரே வெறும் கோடு போட்டுக் கடந்துபோகும் பழக்கத்தை விடுங்கள். 16 அணிகளின் பெயரும், ஆடிய ஆட்டங்களின் முடிவும், நின்ற இடமும் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் அச்சாக வேண்டும். அடுத்த பருவத்தின் குலுக்கலுக்கு முன் இவற்றைச் செய்து, கையொப்பமிட்டு வெளியிடுங்கள்.