மருத்துவம் படிக்க எந்தக் கணிதம் வேண்டும்?

10ஆம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவு செய்யும் காலம் வந்தால், எமது பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டொக்டர், பிள்ளை மெடிசின் செய்ய வேணும் எண்டு நிக்கிறாள். எக்ஸ்ரென்ஷன் 2 எடுக்காட்டில் கிடைக்காதோ?" மெல்பேர்ணில் இதே கேள்வி ஸ்பெஷலிஸ்ற் மத்ஸ் பற்றியதாக இருக்கும்.

அப்படியொரு நிபந்தனை இல்லை. மொனாஷ் பல்கலைக்கழகம் நேரடி மருத்துவப் படிப்புக்கு ஆங்கிலத்தையும் இரசாயனவியலையும் கேட்கிறது, கணிதத்தைக் கேட்பதில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் 6 வருட மருத்துவப் படிப்புக்கும் கணிதம் கட்டாயமல்ல. 2019இல் யூமாட்டுக்குப் பதிலாக வந்த யூகாட் பரீட்சையில் கணக்குகள் உண்டு. ஆனால் அவை விகிதம், சதவீதம், அட்டவணை வாசித்தல் போன்றவை. அங்கே சோதிக்கப்படுவது வேகம்தான்.

எமது தலைமுறையையே பாருங்கள். இலங்கையில் உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போனவர்கள் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற 4 பாடங்களையே படித்தோம். தூய கணிதமும் பிரயோக கணிதமும் பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு உரியவை. எங்கள் கணித பாடம் சாதாரண தரத்தோடு முடிந்தது. போர்க்காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாத வைத்தியசாலைகளை நடத்திய எமது வைத்தியர்களில் பெரும்பாலானோர் இந்த வழியில் வந்தவர்களே.

வைத்தியருக்குத் தேவையான கணக்கு எது? 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 300 மில்லிகிராம் பரசிற்றமோல். ஒரு மில்லிலீற்றரில் 24 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 12.5 மில்லிலீற்றர். இதில் தசமப் புள்ளி இடம் மாறக்கூடாது. ஒரு மருந்து நோயைப் "பாதியாகக் குறைக்கிறது" என்றால், அது 1000 பேரில் 4 பேர் 2 ஆனதா, 400 பேர் 200 ஆனதா என்று கேட்கத் தெரிய வேண்டும். இதற்கு வேண்டியது கவனமும் புள்ளிவிபர அறிவும்.

அப்படியானால் சுலபமான கணிதத்தை எடுத்தால் போதுமா? அதற்கும் நான் உடன்பாடில்லை. சிட்னியில் அட்வான்ஸ்ட், மெல்பேர்ணில் மெதட்ஸ், இயலுமானவரை இவற்றுக்குக் கீழே இறங்க வேண்டாம். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் 2011 முதல் மருத்துவம் ஒரு பட்டத்தின் பின்னரே படிக்கும் படிப்பு. அதற்குப் பலர் செல்லும் பயோமெடிசின் பட்டம் மெதட்ஸ் அல்லது ஸ்பெஷலிஸ்ற் கேட்கிறது. மருத்துவத்துக்கு விண்ணப்பிப்போரில் அதிகமானோருக்கு இடம் கிடைப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. வேறு கதவுகளும் திறந்திருக்க வேண்டும்.

"ஸ்கேலிங்கில் புள்ளி ஏறும்" என்று சொல்வோரும் உண்டு. எக்ஸ்ரென்ஷன் 2 உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அதை எடுப்பவர்கள் மற்றப் பாடங்களிலும் கெட்டிக்காரராக இருப்பதே. விருப்பமில்லாமல் எடுத்து, வகுப்பின் அடியில் நிற்கும் பிள்ளையை ஸ்கேலிங் தூக்கிவிடாது. அந்தப் பாடம் இழுத்துக்கொள்ளும் நேரத்தால் இரசாயனவியலும் ஆங்கிலமும் சேர்ந்து சரியும்.

இதைச் சுகாதாரப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அடிக்கடி தலையிடி, வயிற்றுநோ, நித்திரையின்மை என்று வரும் 11ஆம், 12ஆம் வகுப்புப் பிள்ளைகளை எந்தக் குடும்ப வைத்தியரும் அறிவார். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. பள்ளிக்கூடம், அதன்பின் ரியூஷன், அதன்பின் நள்ளிரவு தாண்டிய வீட்டுவேலை என்று அவர்களின் நாட்குறிப்பைப் பார்த்தால் விளங்கும். வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணிநேர நித்திரை தேவை.

கணிதத்தை ரசிக்கும் பிள்ளை எக்ஸ்ரென்ஷன் 2 தாராளமாக எடுக்கட்டும், தடுக்காதீர்கள். மற்றவர்கள் முதலில் பிள்ளையின் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். பல்கலைக்கழக நிபந்தனைகள் மாறக்கூடியவை, அந்தந்த வருட விபரத்தை நேரடியாகப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தது என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், மெடிசின் செய்ய ஆசைப்படுவது பிள்ளையா, நாங்களா என்று ஒருமுறை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.