சீடை வெடித்தது சரி, ஏன் வெடித்தது?



நம் பகுதியில் கொஞ்ச நாளாகவே சமையல் கூத்துகளைப் பற்றிய கடிதங்கள் நிறைய வருகின்றன. சர்க்கரைப் பொங்கலில் விழுந்த உப்பு, மூடி போடாத மிக்ஸி, சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி, பறந்துபோன குக்கர் வெயிட் என்று படிக்கப் படிக்கச் சிரிப்புதான். மதியம் பாத்திரம் கழுவி முடித்து, காலை நீட்டி உட்கார்ந்து படிக்க இதைவிட வேறென்ன வேணும்? சிரிக்கக் கூடாதுன்னு சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே இடத்தில் நின்று போகிறது. 'எல்லோரும் கேலி செய்தார்கள், எனக்கு வெட்கமாகிவிட்டது' என்பதோடு முற்றும் போட்டுவிடுகிறார்கள். ஏன் அப்படி ஆச்சு, அடுத்த தடவை என்ன பண்ணினாங்க என்று யாருமே எழுதுவதில்லை. இந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு மருமகள்கள். என் ஓரகத்தி கல்யாணமாகி வந்த வருஷம், கிருஷ்ண ஜெயந்திச் சீடை அவள் பொறுப்பு என்று ஆனது. மெஷினில் அரைத்த மாவை மாமனார் வாங்கி வந்து சம்படத்தில் வைத்திருந்தார். அவளும் சொன்னபடி பிசைந்து, முத்து முத்தாக உருட்டி எண்ணெயில் போட்டாள். ஒரு நிமிஷம் சாதுவாக மிதந்தது. அப்புறம்தான் பட்பட்டென்று ஆரம்பித்தது. ஒன்று காலண்டர் முருகர் மேல், ஒன்று பரணில் இருந்த பித்தளை அண்டாவில் டங்கென்று. பூஜைக்கு வந்திருந்த சின்ன மாமா குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்தார். எண்ணெய் தெறித்து அந்தக் குடையில் நாலு ஓட்டை.

அவ்வளவுதான், அவளுக்கு 'வெடிகுண்டுச் சித்தி' என்று பேர் விழுந்தது. பதினோரு வருஷம் ஆச்சு, அந்தக் குடையை இன்னும் யாரும் மடக்கவில்லை. கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம் எதுவானாலும் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது அதை எடுத்துவிடுவார்கள். போன தை மாசம் ஒரு காதுகுத்தில் நாற்பது பேர் நடுவில் அப்படித்தான் கதை ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெண்ணுக்கு ஒன்பது வயசு. அது எல்லோர் முன்னாடியும், "அம்மா, உனக்கு அப்பவே சமைக்கத் தெரியாதா?" என்று கேட்டது. இவளும் சிரித்துவிட்டாள். ராத்திரி கொல்லைப்புறத்தில் அண்டா கழுவும்போது என்னிடம், "ஏங்கக்கா, அந்தச் சீடை வெடிச்சதுக்கு நான் என்ன பண்ணேன்? அதை இத்தனை வருஷத்துல ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அன்றைக்கு விட்டவள்தான், இன்றுவரை சீடை உருட்டியதில்லை. கடையில் வாங்கித்தான் கிருஷ்ணருக்குப் படைக்கிறாள்.

அவள் கேட்டது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சீடை வெடிப்பதில் மந்திரமும் இல்லை, கைராசியும் இல்லை. உள்ளே ஈரம் மாட்டிக்கொள்வதுதான் காரணம். தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 1,600 மடங்கு இடம் கேட்கும். சீடையின் மேல்தோல் எண்ணெயில் விழுந்ததும் முறுகிக் கெட்டியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஆவிக்கு வெளியே வர வழி கிடையாது. அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? மாவில் ஒரு சின்னக் கட்டியோ, அரைபடாத நொய்யோ, கரையாத கல் உப்போ இருந்தால் போதும், ஈரம் அதில்தான் தங்கும். அதனால்தான் பழைய ஆட்கள் மாவை வெறும் வாணலியில் கோலம் போட வருகிற பதத்துக்கு வறுத்து, உளுந்து மாவோடு சேர்த்து இரண்டு தடவை சலித்தார்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். உருட்டும்போது வழவழவென்று அழுத்தாமல் லேசாக உருட்டி, வெள்ளைத் துணியில் கால் மணி நேரம் போட்டு வைத்தார்கள். எங்கள் அம்மா ஒவ்வொரு சீடையிலும் ஊசியால் ஒரு குத்து குத்துவாள். அது வேண்டுதல் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன், ஆவி போக வழி என்று பிற்பாடுதான் புரிந்தது.

இப்ப சொல்லுங்க. மெஷினிலிருந்து வந்த மாவை வறுக்காமல், சலிக்காமல் சம்படத்தில் போட்டு வைத்தது யார்? அன்றைக்கு வந்த இருபத்திரண்டு வயசுப் பெண்ணா? ஆனால் பேர் மட்டும் அவளுக்கு.

இதில் இன்னொரு வேடிக்கை. எங்கள் நாத்தனார் லீவுக்கு வந்தபோது குக்கரில் கேக் செய்தாள். அவளுக்கு நல்லாவே வரும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், அடியில் இரண்டு ஆழாக்குத் தூள் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்துத்தான் கேக் பாத்திரத்தை இறக்குவாள். கேக் பிரமாதமாக வந்தது. உப்பு ஆறட்டும் என்று ஒரு தட்டில் கொட்டி வைத்தாள். அது திரும்பவும் கேக் செய்வதற்கு மட்டும்தான் ஆகும். நம் மாமனார் சிக்கனக்காரர். 'இவ்வளவு உப்பை வீணாக்குறாங்களே' என்று அத்தனையையும் உப்பு ஜாடியில் திரும்பக் கொட்டிவிட்டார். ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டு ரசத்தில் வெனிலா எசன்ஸ் வாசனை! பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, "என்னம்மா, ரசத்துல பிஸ்கெட்டு போட்டிருக்கியா?" என்று கேட்டார். அந்தக் கதையை எந்தக் காதுகுத்திலும் யாரும் எடுத்ததில்லை. 'வெனிலா மாமா' என்று அவருக்குப் பேரும் வரவில்லை.

தீபாவளி வந்தால் பத்திரிகைகளில் மைசூர்பாகு ஜோக் வராத வருஷம் உண்டா? மனைவி செய்த மைசூர்பாகு, உடைக்க ஒரு சுத்தியல், பல் டாக்டர் ஒருவர். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து இதே மூன்றும்தான். எழுதுகிறவர்களுக்கு அலுக்கவே அலுக்காதா? கடலை மாவு பாகில் விழுந்த பிறகு பதம் வந்துபோவது சில நொடிதான். சீக்கிரம் இறக்கினால் அல்வா, தாமதமானால் கல். அடுப்படியில் தனியாக நின்று ஒரு கையால் கிளறி, ஒரு கையால் நெய் ஊற்றி, காலிங்பெல் அடித்தால் கதவையும் திறந்துவிட்டு வந்தால் கல்தான் ஆகும்.

என் பையன் ஒருநாள் தன் புத்தகத்திலிருந்து ஒன்றைப் படித்துக் காட்டினான். 1945-ல் அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர் என்பவர் ராடார் கருவிக்கான மின்குழாய் பக்கத்தில் நின்றபோது அவர் பையிலிருந்த சாக்லேட் உருகி வழிந்ததாம். அடுத்து சோளத்தை வைத்துப் பார்த்தார்களாம், பொரிந்தது. முட்டையை வைத்தார்களாம், அது வெடித்துப் பக்கத்தில் நின்றவர் முகத்தில் அடித்ததாம். அதிலிருந்து வந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. அந்த முட்டை வெடித்ததும் நம்ம சீடை வெடித்ததும் ஒரே காரணம்தான், உள்ளே மாட்டிய ஆவி. அங்கே யாரும் பட்டப்பேர் வைக்கவில்லை. 'ஏன் வெடித்தது' என்று கேட்டார்கள், ஒரு மெஷின் கிடைத்தது. நமக்குக் கிடைத்தது ஓட்டைக் குடை.

ஏன் என்று கேட்டால் எவ்வளவு விஷயம் வருகிறது தெரியுமா! மாடி வீட்டு அக்கா செல்போனில் பார்த்து டோக்ளா செய்தார். கடலை மாவில் மஞ்சள்தூள் போட்டு, நன்றாக உப்பட்டும் என்று ஆப்பசோடாவைத் தாராளமாக அள்ளிப் போட்டுவிட்டார். மூடியைத் திறந்தால் மஞ்சள் டோக்ளாவுக்குப் பதிலாகத் திட்டுத்திட்டாகச் சிவப்பு. "விஷமாகிவிட்டதோ" என்று பயந்து எனக்குக் குரல் கொடுத்தார். நாம் ஆரத்தி எப்படிக் கரைக்கிறோம்? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் சிவப்பாகிறதே, அதேதான் இது. சுண்ணாம்பு மாதிரி ஆப்பசோடாவும் காரம். ஒரு ஓரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து காட்டினேன், மறுபடி மஞ்சளாகிவிட்டது. ஆரத்தி எடுக்கிற கைக்கு இது தெரியாத சமாசாரமா? யாரும் இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இதே சோடா பஜ்ஜி மாவில் கூடினால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும். அது தெரிந்தவர்கள்கூட கேக்குக்கு பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு சோடாவைப் போட்டுவிடுகிறார்கள். பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும். தனிச் சோடா அதைவிட மூன்று, நான்கு மடங்கு வேகம். மோரோ எலுமிச்சையோ சேராமல் போட்டால் சோப்பு வாசனைதான் மிச்சம்.

கணவரின் அக்கா பையன் ஒருத்தன், காலேஜ் படிக்கிறான். புதிதாக வாங்கிய மின்சார அவனில் வெளிநாட்டுக் குறிப்பு பார்த்து கேக் செய்தான். குறிப்பில் 350 டிகிரி, 35 நிமிஷம். இவன் அவனில் 250-க்கு மேல் எண்ணே இல்லை. பிள்ளை என்ன செய்தான்? 250-ல் வைத்துவிட்டு, "மீதி நூறுக்குப் பதிலா இருபது நிமிஷம் கூட விட்டேன் அத்தை" என்றான்! வெளியே கரி, நடுவில் சதசதவென்று கூழ். அது பாரன்ஹீட் கணக்கு, நம்ம கணக்கில் சுமார் 175 டிகிரிதான் என்று அப்புறம் அவனே கண்டுபிடித்தான். அவன் குற்றமா? குறிப்பு எழுதினவர் ஒரு எழுத்து சேர்த்து எழுதியிருந்தால் நாலு முட்டை பிழைத்திருக்கும்.

இங்கேதான் நம் சமையல் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 'ஒரு டம்ளர்' என்கிறீர்கள். எங்கள் வீட்டில் மூன்று அளவில் டம்ளர் இருக்கிறது, எந்த டம்ளர்? 'உப்பு தேவையான அளவு' சரி, நாக்கு சொல்லிவிடும். 'சோடா தேவையான அளவு' என்றால் எப்படி? டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி என்று ஒரு தடவை சொல்லி, அதன்படியே எழுதலாமே. 'பாகு பதம் வந்ததும்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறீர்கள். எந்தப் பதம், எப்படித் தெரியும் என்பதுதானே எங்களுக்கு வேண்டியது! வெல்லம் போட்ட பாயசம் திரிந்துபோனால் மருமகள் கைராசி என்கிறார்கள். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு, கொதிக்கிற பாலில் கொட்டினால் யார் கையானாலும் திரியும், பாகைத் தனியாகக் காய்ச்சி ஆற வைத்து, அடுப்பை அணைத்தபின் சேருங்கள் என்று ஒரு வரி போட்டால் எத்தனை பெண்கள் தலை நிமிர்வார்கள். ஒவ்வொரு குறிப்பின் கீழேயும் 'இப்படி ஆனால் இதுதான் காரணம்' என்று இரண்டே வரி. விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது, இதற்கு இருக்காதா?

சிரிக்கவே முடியாத விஷயமும் உண்டு. அன்றைக்கு சீடை ஓரகத்தி முகத்தில் பட்டிருந்தால் குடைக் கதை இருந்திருக்காது. தீபாவளிப் பலகாரம் சுடும் வீடுகளில் வருஷா வருஷம் யாராவது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். உடனே இட்லி மாவு, பற்பசை, மஞ்சள் என்று ஆளுக்கொன்றைப் பூசுகிறார்கள். வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும், ஐஸ் வைக்கக் கூடாது, கொப்புளம் பெரிதானால் டாக்டர். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், எரிகிற எண்ணெய் வீடெல்லாம் தெறிக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் போட்டு மூடி, ஆறுகிறவரை திறக்காமல் விடுங்கள். பருப்பு வைக்கும் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை மேலே வந்து ஆவி போகிற துவாரத்தை அடைத்துவிடும். வெயிட் போடுவதற்கு முன் அந்தத் துவாரத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை.

ஓரகத்தியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அது உடனே, "அப்ப தாத்தா மாவைச் சலிக்கலையா?" என்று கேட்டது. மாமனார் பேப்பரைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக எனக்கு ஒரு உதவி வேண்டும். ஐப்பசி மழையில் அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசி நிழலில் உலர மாட்டேன் என்கிறது. மாவில் ஈரம் கூடிப்போய், பாகு உருட்டுப் பதத்தில் சரியாக இருந்தும் போன வருஷம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்துவிட்டது. ஃபேனுக்கு அடியில் எவ்வளவு நேரம் போட்டால் சரியாக இருக்கும், பிரிய ஆரம்பித்த மாவைக் காப்பாற்ற வழி உண்டா என்று அனுபவப்பட்ட சகோதரிகள் யாராவது எழுதுங்களேன். தீபாவளிக்கு முன்னால் வந்தால் நல்லது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்