வீட்டோடு வந்த வாடகைக்காரர்



முப்பது ஆண்டு பால் வெட்டி, 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, பட்டணத்துத் தாமானில் ஒரு சிறு வீட்டை வாங்குகிறீர்கள். வாடகை வந்தால் முதுமைக்குக் கஞ்சி என்பது உங்கள் கணக்கு. போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது. அதுவும் மூன்று மாத வாடகை பாக்கியோடு! "வீட்டை வாங்கினோமா, வம்பை வாங்கினோமா?" என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார். என்ன செய்வது?

வாங்குமுன் செய்ய வேண்டியது முதலில். வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், முன்பணக் கணக்கு ஆகிய மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். வீட்டைக் காலியாகத் தருவதா, ஆளோடு தருவதா என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஆளோடு என்றால் முன்பணம் உங்கள் கைக்கு மாற வேண்டும். இல்லையேல், காலி செய்யும் நாளில் வாடகைக்காரர் உங்களைத்தான் கேட்பார். பழைய பாக்கி விற்பவருக்கா, உங்களுக்கா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வீடு கைமாறியதும், இன்ன தேதி முதல் வாடகை புது உரிமையாளருக்கு என்று பழையவரும் நீங்களும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாடகைக்காரரிடம் கொடுங்கள். பிறகு ஒரு மாலை நேரில் போய், ஏன் பிந்துகிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். 7-ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவரிடம் 1-ஆம் தேதி வாடகை கேட்டால் எங்கே போவார்? வாடகை நாளை 10-ஆம் தேதிக்கு மாற்றுங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

பாக்கி உங்களுக்குச் சேர வேண்டியதானால் தவணை போடுங்கள். மாத வாடகை 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதப் பாக்கி 1,800 வெள்ளி. மாதம் 150 வெள்ளி கூடக் கட்டினால் 12 மாதத்தில் கடன் அடையும். வாடகைக்கு ஒரு ரசீது, பாக்கிக்கு ஒரு ரசீது என்று தனித்தனியே கொடுங்கள். புதிய ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வையும் கட்டிவிடுங்கள். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

பணம் இருந்தும் ஏய்ப்பவராக இருந்தால்? வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 12 மாதம் வரையிலான வாடகைப் பாக்கிக்கு நீதிமன்ற ஆணை பெற்று, வீட்டிலுள்ள பொருள்களை ஜப்தி செய்யலாம். வீட்டை மீட்கவும் நீதிமன்றம்தான் வழி.

ஆத்திரத்தில் பூட்டை மாற்றாதீர்கள். சாமான்களை வீதியில் எறியாதீர்கள். தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். தவணை முடிந்தும் போகாதவரைக்கூட நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. மீறினால் நீதி உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நிற்பது நீங்கள்தான்.

1950, 60-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, லயத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! பிள்ளைகளோடு வாசலில் நிற்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக, உழைத்துச் சேர்த்த காசை இழக்கவும் வேண்டாம். கணக்கில் கண்டிப்பாக இருங்கள். பேச்சில் கனிவாக இருங்கள். வீடு உங்களுடையதுதான், ஆனால் அதற்குள் எரிவது இன்னொருவர் அடுப்பு என்பதை மறந்துவிடாதீர்கள்.