திரிந்த பாலும் மாணவர் பசியும்

பால் திரிந்துவிட்டால் தமிழ்க் குடும்பத்தில் அது ஒரு சிறு துக்கம். கொட்டவும் மனம் வராது. சர்க்கரையைப் போட்டுக் கிளறி ஒப்பேற்றுவார்கள். வங்காளத்திலோ பாலை வேண்டுமென்றே திரிக்கிறார்கள். அதுதான் சானா. ரசகுல்லாவும் சந்தேஷும் அதன் பிள்ளைகள். 1965இல் பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, பிரபுல்ல சந்திர சென் அரசு சானா இனிப்புகளுக்கே தடை போட்டது. அதைப் பழைய வங்காளிகள் எளிதில் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பல்லாண்டு குடியிருந்தும், லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளை வெறும் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுக் கல்லூரிக்கு ஓடுகிறான். தாயும் தந்தையும் அதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பியாக வேண்டும். இட்லி ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகிவிட்டது. ஊரிலிருந்து வந்து மெஸ்ஸில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பாடு இதைவிட மோசம். மாதக் கடைசியில் மதியமும் ரொட்டிதான். குறை ரொட்டியில் இல்லை. அதனுள் ஒன்றும் இல்லாததே குறை.

விளம்பரம் பார்த்து டப்பா சீஸ் வாங்குவோரும் உண்டு. சீஸை உருக்கி, சில உப்புகள் சேர்த்து, நாள்பட நிற்கும்படி செய்த பண்டம் அது. கெடுதல் என்று தள்ள வேண்டியதில்லை, செலவுதான் கூடுதல். மலிவான சில உறைகளிலோ 'அனலாக்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்ந்தது என்று பொருள். பெற்றோர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு வாங்குவது நல்லது.

சைவக் குடும்பங்களின் தயக்கம் வேறு. மேல்நாட்டுச் சீஸ் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பது வழக்கம். அந்தத் தயக்கம் நியாயமானதே. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. சானாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எலுமிச்சைச் சாறு போதும்.

எலுமிச்சையால் திரித்துச் செய்யும் இன்னொன்று, ஹூக்ளிக் கரையின் பாண்டேல் சீஸ். போர்ச்சுகீசியர் அங்கே குடியேறியது 16ஆம் நூற்றாண்டில். சானா செய்யும் வழக்கமே அவர்கள் தந்தது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. வங்காளி பாவுருட்டி என்பதும், இலங்கைத் தமிழர் பாண் என்பதும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லே. பாண்டேல் சீஸ் இன்று பாண்டேலில் செய்யப்படுவதில்லை. தாரகேஸ்வரம், விஷ்ணுபூர் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே செய்கின்றன. 1874இல் திறந்த நியூ மார்க்கெட்டில், சிறு வில்லைகளாக இன்றும் கிடைக்கிறது. வாங்குவோர் குறைந்தால் அந்தக் குடும்பங்களும் வேறு தொழில் பார்க்கும். சுவிட்சர்லாந்துப் பாதிரிமார் தொடங்கிவைத்த காலிம்போங் சீஸும் அங்கேயே கிடைக்கும். ஆனால் மாணவர் கைக்கு எட்டுவது வில்லைதான். இரண்டே ஒரு வேளைக்குப் போதும், அவ்வளவு உப்பு.

செய்முறைக்குச் சமையல் புத்தகம் வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பால் பொங்கியதும் இறக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, துணியில் வடிகட்டினால் 150 முதல் 200 கிராம் வரை சானா வரும். பச்சை மிளகாய், இஞ்சி, கொத்துமல்லியைப் பொடியாக நறுக்கி, உப்புடன் பிசைந்து ரொட்டிக்குள் வைக்கலாம். காசுந்தி என்னும் வங்காளத்துக் கடுகு விழுது ஒரு கரண்டி தடவினால் ருசியே வேறு. இட்லி மிளகாய்ப்பொடி தூவினாலும் யாரும் கேட்கப் போவதில்லை! முதல் நாள் உருளைக்கிழங்குப் பொடிமாஸ் மிஞ்சியிருந்தால், அதன்மேல் காலிம்போங் சீஸைச் சீவிப் போட்டு, தோசைக்கல்லில் இருபுறமும் முறுகவிட்டால் கல்லூரி கான்டீன் தோற்கும். சானா மட்டும் அன்றன்றைக்கே தீர வேண்டும். கோடையில் மாலைக்குள் புளித்துவிடும்.

பாண்டேல் வில்லையை இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் உப்பு இறங்கி, கட்டி இளகியிருக்கும். உதிர்த்து, வெள்ளரிக்காய், தக்காளித் துண்டுகளோடு வைத்தால் வேறு உப்பே தேவையில்லை. புகை காட்டியது, வெள்ளை என இருவகை உண்டு. முதல் முறை வாங்குகிறவர் வெள்ளையையே கேட்கட்டும். புகை வாசனை எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.