பழைய பாலத்தை எப்போது பிரிப்பது?

இயக்க முறைமைப் பாடநூலைத் திறந்தால் நினைவக மேலாண்மை ஓர் அதிகாரம். செயலிகளின் ஒத்தியக்கம் வேறோர் அதிகாரம். பரீட்சையிலும் இரண்டுக்கும் தனித்தனி வினா. ஒன்றை அடியோடு விட்டுவிட்டு மற்றதை எழுதித் தேறியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. இந்தப் பிரிவினை தவறு என்பது என் துணிபு. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் உள்ள கணிப்பொறியில் இவ்விரண்டும் ஒரே வினாவாகி விடுகின்றன: ஒருவன் பார்த்துக் கொண்டிருக்கும் பொருளை இன்னொருவன் எப்போது அப்புறப்படுத்தலாம்?

கணிப்பொறி பயிலாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நம்மில் பெரும்பாலோர் ஹௌரா நிலையத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்துதான் கல்கத்தாவுக்குள் நுழைந்தோம். (2001 முதல் ஊரின் பெயர் கொல்கத்தா. நம் வீட்டார் வாயில் அது இன்னும் நுழையவில்லை.) இப்போதுள்ள பாலம் 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன், 1874 முதல், ஹூக்ளி ஆற்றின்மேல் மிதவைப் பாலம் ஒன்று இருந்தது. கப்பல் வந்தால் நடுவே 200 அடி நீளத்தை விலக்கி வழிவிடுவார்கள். அதுவரை வண்டியும் வாகனமும் மக்களும் இரு கரையிலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நாம் பாடத்தில் படிக்கும் பூட்டு என்பது இதுவே. ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்றவர் வெளியே நிற்க வேண்டும்.

இயக்க முறைமையின் உள்ளுறுப்பாகிய கெர்னலும் இப்படித்தான் தொடங்கியது. லினக்ஸ் 1996-இல் தன் 2.0 பதிப்பில் பல செயலிகளைத் தாங்கக் கற்றுக் கொண்டபோது, கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டுப் போட்டார்கள். அதைச் சிறுசிறு பூட்டுகளாக உடைத்து முற்றும் நீக்க 2011 ஆயிற்று. சிறு பூட்டிலும் ஒரு தொல்லை உண்டு. எதையும் மாற்றாமல் வெறுமனே படித்துவிட்டுப் போக வருபவனும், வந்ததற்கு அடையாளமாகப் பூட்டின்மேல் ஏதேனும் எழுத வேண்டும். ஒவ்வொரு செயலிக்கும் அருகே கேஷ் என்னும் சிறு நினைவகம் இருக்கிறது. பூட்டின்மேல் எழுத வேண்டுமானால் அதன் பிரதியைத் தன் கேஷுக்குள் இழுத்துக் கொண்டுதான் எழுத முடியும். அறுபத்து நான்கு செயலிகள் ஒரே பட்டியலைப் படிக்க வந்தால், பட்டியலைப் படிக்கும் நேரத்தைவிடப் பூட்டை இழுத்துக் கொள்ளும் நேரம் அதிகமாகி விடுகிறது.

புதிய ஹௌரா பாலம் எப்படி வந்தது என்று பாருங்கள். பழையதை உடைத்துவிட்டு அங்கேயே கட்டவில்லை. பழையதில் போக்குவரத்து நடந்து கொண்டிருக்கும்போதே அருகில் புதியதைக் கட்டி முடித்தார்கள். பின்னரே வண்டிகளைப் புதியதின்மேல் திருப்பினார்கள். பழையதைப் பிரிப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ஏற்கெனவே அதன்மேல் ஏறியவர்கள் இறங்கியிருக்க வேண்டும். புதிதாக யாரும் ஏறப் போவதில்லை.

ஆர்.சி.யு. என்னும் முறை இதுவே. படித்தல், படியெடுத்தல், புதுப்பித்தல் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. மாற்ற விரும்புபவன் பழைய பதிவைத் தொடுவதில்லை. அதைப் படியெடுத்து, படியில் திருத்தம் செய்து, சுட்டியைப் புதியதன்பால் ஒரே வீச்சில் திருப்புகிறான். படிப்பவனுக்குப் பூட்டே இல்லை. பழைய பதிவு இருந்த நினைவகத்தை மட்டும் உடனே விடுவிக்கக் கூடாது. பழையவர்கள் இறங்கும்வரை காக்க வேண்டும்.

அவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று எப்படி அறிவது? எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் மறுபடியும் பூட்டு வந்துவிடும். தொடக்கத்தில் கண்ட வழி மிக எளியது. படிக்கும் செயலி, படித்து முடிக்கும்வரை வேறு வேலைக்கு மாறக் கூடாது என்று ஒரு விதி. அப்படியானால், சுட்டியைத் திருப்பிய பின் ஒவ்வொரு செயலியும் ஒருமுறையேனும் வேலை மாறிவிட்டால், பழைய பதிவைப் பிடித்திருப்பவர் எவரும் இலர் என்பது உறுதி. யாரையும் எண்ணவில்லை, யாரையும் நிறுத்தவில்லை. இதை முதன்முறை படித்த அன்று நூலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விடுவிப்பதைத் தள்ளிப்போடும் கருத்து பழையது. 1980-இலேயே குங், லேமன் ஆகியோரின் கட்டுரையில் இருக்கிறது. சீக்வென்ட் நிறுவனத்தின் இயக்க முறைமையில் இதைக் கையாண்டு, 1998-இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும். லினக்ஸுக்குள் அது நுழைந்தது 2002 அக்டோபரில். அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய தீபங்கர் சர்மாவினுடையது. கோப்பின் பெயரைத் தேடும் பகுதிக்கு அதைப் பொருத்தியதில் மனீஷ் சோனியின் உழைப்பு உண்டு. உலகெங்கும் ஆண்டிராய்டு கைப்பேசிகளில் இன்று ஓடும் கருத்து ஒன்று பெங்களூர் வழியாக வந்திருக்கிறது; நம் வகுப்புகளில் அதன் பெயர்கூட வருவதில்லை.

நினைவக அதிகாரத்துக்கு வருகிறேன். பக்க அட்டவணை, முகவரி மாற்றம் எல்லாம் அங்கே விளக்கப்படுகின்றன. ஒவ்வொரு செயலியும் தான் அண்மையில் மாற்றிய முகவரிகளைத் தன்னிடமே டி.எல்.பி. என்னும் குறிப்பேட்டில் வைத்திருக்கிறது என்பதும் சொல்லப்படுகிறது. ஒரு பக்கத்தைத் திரும்பப் பெறும்போது என்ன ஆகிறது? அட்டவணையில் அழித்தால் போதாது. பிற செயலிகளின் குறிப்பேடுகளில் பழைய முகவரி கிடக்கும். பல கணிப்பொறிகளில் கெர்னல் அச்செயலிகளுக்கெல்லாம் குறுக்கீடு அனுப்பி, அழித்துவிட்டோம் என்ற மறுமொழி வரும்வரை காத்திருந்து, பிறகே அந்தப் பக்கத்தை வேறொருவருக்குத் தர இயலும். பழைய பாலக் கதைதான் இங்கும். இது நினைவகமா, ஒத்தியக்கமா? எந்த அதிகாரத்தில் வைப்பீர்கள்?

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை அன்று. 2023-இல் ஸ்டாக்ராட் என்னும் குறை வெளிவந்தது. பெக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருய்ஹான் லி கண்டுபிடித்தது, லினக்ஸ் 6.1 முதல் 6.4 வரை இருந்தது. ஒரு நிரலின் அடுக்கு நினைவகம் வளரும்போது, நினைவக வரைபடத்தின் ஒரு கணுவை மாற்றி, பழைய கணுவை ஆர்.சி.யு. முறைப்படி காத்திருந்து விடுவித்தார்கள். காத்திருந்தது உண்மை, யாருக்காக என்பதில்தான் தவறு. அதே வரைபடத்தை வேறொரு பூட்டின் துணையால் படித்துக் கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஆர்.சி.யு.வின் கணக்கில் அவர்கள் இல்லை. பாலத்தின்மேல் அவர்கள் நிற்கும்போதே பலகைகளை உருவியாயிற்று. சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னலின் அதிகாரத்தையே கைப்பற்ற அது வழி திறந்தது. நினைவகம் அறிந்தவர்களும் பூட்டு அறிந்தவர்களும் சேர்ந்து எழுதிய நிரல்தான் அது. குறை இருந்தது இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில்.

பிரித்து வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1950-களின் நடுவில் பாராநகரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தபோது, அதில் இருந்தது ஒரே செயலி. ஒரு வேளையில் ஒரே வேலை. இவ்வினா எழவே வழியில்லை. இன்று என் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியில் எட்டுச் செயலிகள். பாடத்திட்டம் மட்டும் ஐந்து தத்துவஞானிகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டு, யார் எந்தக் கரண்டியை எடுப்பது என்று இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறது. அவர்கள் உண்டு கொண்டிருக்கும்போது மேசையை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வது என்று ஒருமுறையேனும் கேட்கக் கூடாதா?

இதெல்லாம் வேலை நேர்காணலில் கேட்பார்களா என்று நண்பர்கள் வினவுகிறார்கள். பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் லினக்ஸின் மூலநிரல் முழுதும் யாரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. ஆர்.சி.யு.வுக்கென எழுதப்பட்ட விளக்கக் கோப்புகளும் அதனுடனேயே வருகின்றன. பாடத்திட்டம் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கக் கூட்டம் முடிந்தபின் நான்கு பேர் உட்கார்ந்து வாரம் ஒரு கோப்பாகத் தமிழிலேயே பேசிப் படித்தால், ஒரு பருவத்துக்குள் அவற்றின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். ஸ்டாக்ராட் திருத்தத்தையும் அதற்கு முந்தைய நிரலையும் அருகருகே வைத்து நான் எடுத்த குறிப்புகள் இருக்கின்றன. வேண்டுவோர்க்குத் தருகிறேன்.