பத்திரமும் பாத்தியதையும்

ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஊருக்கு வெளியே ஒரு மனையை வாங்கி, சார்பதிவாளர் அலுவலக முத்திரை விழுந்த கிரயப் பத்திரத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டும் குடும்பஸ்தர், சர்க்காரே தம் நிலத்துக்குச் சாட்சியாக நிற்கிறது என்று நம்பி நிம்மதியாகப் படுக்கப் போகிறார். அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்பதுதான் விசனத்துக்குரிய விஷயம்.

1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தையே அன்றிப் பாத்தியதையை அன்று. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டு விதியை உச்ச நீதிமன்றம் 2025-இல் ரத்து செய்தபோது, விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று தெளிவாகச் சொல்லிற்று. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய இடமளித்த 77-ஏ பிரிவும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் செல்லாது என்றாயிற்று. நியாயஸ்தலங்களைக் குறை சொல்வதற்கில்லை. இருக்கிற சட்டத்தின் பொருளை அவை சொல்லின. ஆனால் ஏமாந்தவருக்கு மிஞ்சுவது, வருஷக்கணக்கில் சிவில் கோர்ட்டுப் படியேறும் யோகம் ஒன்றுதான்.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் வசூலாகும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைக்கும்படியும், குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்கத் தவறினால், விலகிக்கொள்ள விரும்புகிறவருக்கு வட்டியுடன் பணத்தைத் திருப்பும்படியும் கட்டுமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அது பெரிய உபகாரமே. ஆயினும், தனி மனிதரிடம் பழைய மனையை வாங்குகிறவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்கினால் உரிமை வராது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், ‘பவர்’ வாங்கி விற்கும் வியாபாரத்தில் ஏமாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிரயத் தொகையில் முத்திரைத் தீர்வையாக நூற்றுக்கு 7-ம் பதிவுக் கட்டணமாக 2-ம் வாங்கிக்கொள்ளும் ராஜ்யம், அதற்கு ஈடாக எந்த உத்தரவாதமும் தராதிருப்பது தர்மம் ஆகுமா? தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் 1858-இல் கொண்டுவந்த முறையில், நில உரிமைக்கு அரசாங்கமே பொறுப்பேற்று, பிழை நேர்ந்தால் நஷ்ட ஈடு கொடுக்க நிதியும் ஏற்படுத்திற்று. அத்தகைய ஏற்பாட்டை நம் சட்டசபை காலதாமதமின்றி ஆலோசிக்க வேண்டும்.

அதுவரையில், மனை வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன் மூலப் பத்திரத்தை அசலாகவே கேட்டுப் பார்த்து, பட்டாவையும் புல எண்ணையும் ஒப்பிட்டு, அனுபவத்தில் இருப்பவர் யாரென்று நேரில் போய் விசாரித்து, தரகர் காட்டும் வக்கீலை விட்டுத் தாமே தேர்ந்த வக்கீலிடம் அபிப்பிராயம் கேட்பாராக. பதிவாகாத உயிலும் நடந்துவரும் வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரிந்தே தீரும் என்பதில்லை.